மலாயாவில் ஜெயித்த முள்வேலி வியட்நாமில் ஏன் தோற்றது?

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை பிரிட்டன் அடக்கியது. வியட்நாமில் அமெரிக்காவால் முடியவில்லை. பிரிட்டிஷ்காரனுக்குக் காட்டுச் சண்டை தெரியும் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. ஏன்னா இரண்டு இடத்திலும் முயன்றது கிட்டத்தட்ட ஒரே திட்டம்தான்.

1950-இல் போட்ட பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரம் குடிசை போட்டிருந்த சுமார் 5 லட்சம் பேரை (பெரும்பாலும் சீனர்கள்) முள்வேலி போட்ட 'புதுக் கிராமங்களுக்கு' வலுக்கட்டாயமாக மாற்றினார்கள். கெரில்லாவுக்கு அரிசி போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அதில் வேலை பார்த்த ராபர்ட் தாம்சனே பின்னாடி சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். 1962-இல் தியெம் அரசும் அதே மாதிரி வேலி போட்ட கிராமங்களை ஆரம்பித்தது.

ஆனா மலாயாவில் பெயர்த்தெடுக்கப்பட்டவர்களில் பலருக்கு நிலத்துக்குப் பட்டாவே கிடையாது. வியட்நாம் விவசாயியோ, முன்னோர் சமாதி இருக்கிற மண்ணை விட்டு வரணும். மலாயா கெரில்லாவுக்கு வெளியிலிருந்து ஆயுதம் வர வழியில்லை; வியட்நாமில் லாவோஸ் வழியாக ஹோ சி மின் பாதை இருந்தது. எல்லாத்துக்கும் மேல, 1957-இல் மலாயாவுக்கு சுதந்திரமே கொடுத்துட்டாங்க. அப்புறம் கெரில்லா யாரை விரட்டப் போராடுறது?

1963 நவம்பரில் தியெம் கொல்லப்பட்டார். வியட்நாமில் பல இடங்களில் ஜனங்கள் வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு பழைய ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.