முட்டைக்குள் ஏறிய நஞ்சு

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெலூஸ் ஏரியில் 1970-களின் நடுவில் மீன்குஞ்சுகளே இல்லாமல் போயின. வளர்ந்த மீன்கள் நலமாகத்தான் நீந்தின. செத்து மிதந்தவை இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளில், அங்கிருந்த 20 மீன் இனங்களில் 19 அற்றுப்போயின. ஏறக்குறையப் பாதிப்பின்றித் தப்பியது, கொசுப்புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் விடப்படும் கம்பூசியா.

காரணம் செலினியம். கரையோர அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குட்டையிலிருந்து அது ஏரிக்குள் வந்தது. தண்ணீரில் அதன் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம்தான். ஆனால் நுண்பாசிகள் அதைப் பல நூறு மடங்கு செறிவாக உறிஞ்சிக்கொள்ளும். பாசியைப் பூச்சி தின்ன, பூச்சியை மீன் தின்ன, நஞ்சு இரையோடு உடலுக்குள் சேரும்.

அதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. கந்தகத்தை ஒத்த தனிமம் என்பதால், கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலினியம் புரதங்களுக்குள் புகுந்துவிடுகிறது. தாய்மீனின் கல்லீரல் உருவாக்கும் மஞ்சள்கருப் புரதம் அதை நேரே முட்டைக்குக் கொண்டுபோகிறது. முட்டை பொரிகிறது. குஞ்சு தன் மஞ்சள்கருவை உண்டு வளரும்போதுதான் முதுகெலும்பு வளைகிறது, தலையும் துடுப்பும் கோணுகின்றன, வயிறு நீர்கோத்து வீங்குகிறது. பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

1980-களின் நடுவில் சாம்பல்நீரை ஏரியில் விடுவது நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்தும் வண்டலில் செலினியம் தங்கியிருந்தது. ஊனமுற்ற குஞ்சுகளும் தென்பட்டன.

நீரை மட்டும் சோதித்தால் போதாது என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் ஏற்றது. அதன் நன்னீர் வரம்பு இப்போது முதலில் பார்ப்பது மீனின் சினையை: உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம் செலினியம்.