உங்களுக்குத் தெரியுமா? கிராம்பு அடக்குவது வலியை, சொத்தையை அல்ல

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்குப் பல்வலி என்றால் முதலில் கைக்கு வருவது கிராம்புதான். அது வெறும் நம்பிக்கை அல்ல. கிராம்பெண்ணெயின் பெரும்பகுதியான யூஜினால் ஈறை மரத்துப்போகச் செய்யும். 2006இல் வெளியான குவைத் ஆய்வொன்றில், பல் மருத்துவர்கள் மரத்துப்போவதற்காகப் பூசும் பென்சோகெயினுக்கு ஈடாகக் கிராம்பு ஜெல் ஊசி குத்தும் வலியைக் குறைத்தது. ஆனால் அது ஈறின் மேற்பரப்பில் நடந்த சோதனை. சொத்தைப் பல்லின் வலியோ உள்ளே, நரம்பிருக்கும் பற்கூழில் இருக்கிறது. அங்கே புகுந்த கிருமியைக் கிராம்போ வெதுவெதுப்பான உப்புநீரோ பாராசிட்டமாலோ வெளியேற்றாது. எண்ணெயை அப்படியே ஊற்றினாலும், ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோரம் அதக்கினாலும் சதை வெந்துபோகும். வலி தணிய முழுக் கிராம்பு ஒன்றைச் சற்று நேரம் அதக்கினாலே போதும்.

வலிதான் நின்றுவிட்டதே, பல் மருத்துவரிடம் போய் ஒருநாள் கூலியை ஏன் இழப்பது என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். அடியில் சீழ் சேர்ந்துகொண்டே இருக்கும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளரே ஆனாலும், பல் சிகிச்சையும் அதில் அடக்கம். முகம் வீங்கி, காய்ச்சலோடு, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.