நாவு மூட்டும் தீ

பள்ளியிலிருந்து திரும்பிய மகளின் முகம் வாடியிருக்கிறது. "என்னம்மா?" என்று உம்மா கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறாள். ஆண்பிள்ளைகள் சண்டையிட்டால் சட்டை கிழிந்திருக்கும். முழங்கையில் சிராய்ப்பு இருக்கும். பெண்பிள்ளைகளின் சண்டையிலோ காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே ஆயுதம் நாவு.

இந்த உண்மையை வைத்து 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வெளியானது. பெயர் 'மீன் கேர்ள்ஸ்'. வளரிளம் பெண்களின் குழுச் சண்டைகளைப் பற்றி ரோஸலிண்ட் வைஸ்மன் என்பவர் 2002இல் பெற்றோர்களுக்காக எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு டினா ஃபே திரைக்கதை அமைக்க, மார்க் வாட்டர்ஸ் இயக்கினார். அதன் ஆடைகளும் பேச்சுகளும் நம் இல்லத்துக் கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கவையல்ல. எனினும் அது காட்டும் நோய் நம் வீட்டுக்கு அந்நியமானதன்று.

ஆப்பிரிக்காவில் விலங்கியல் ஆய்வாளர்களான பெற்றோரிடமே பாடம் கற்று வளர்ந்த கேடி என்ற பெண், முதன்முறையாக அமெரிக்கப் பள்ளியொன்றில் சேர்கிறாள். அங்கே ரெஜினா என்பவளின் தலைமையில் மூவர் கூட்டம் ஒன்று கோலோச்சுகிறது. சக மாணவிகளையும் ஆசிரியர்களையும் பற்றிய இழிசொற்களை இளஞ்சிவப்பு அட்டையிட்ட ஓர் ஏட்டில் எழுதி வைப்பது அவர்களின் வழக்கம். ரெஜினா பரப்பிய வதந்தியால் முன்பு பாதிக்கப்பட்ட ஜானிஸ், பழிவாங்கும் நோக்கத்தோடு கேடியை அக்கூட்டத்துக்குள் வேவு பார்க்க அனுப்புகிறாள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. தீயவளைத் தண்டிக்கத்தானே பொய் சொல்கிறோம் என்று கேடி தொடங்குகிறாள். எடையைக் கூட்டும் தின்பண்டத்தை, எடையைக் குறைப்பது என்று சொல்லி ரெஜினாவுக்குக் கொடுக்கிறாள். நாளடைவில் பொய்யே அவளது இயல்பாகி, ரெஜினாவின் இடத்திலேயே அவள் அமர்ந்துவிடுகிறாள். மாணவர்களை முன்னேறும்படி உந்தித் தள்ளுபவள் நான் என்று கணித ஆசிரியை ஒருமுறை அவளிடம் கூறியிருந்தார். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குப் போதைப்பொருள் விற்பவர் என்ற பொருளும் உண்டு. அச்சொல்லைத் திரித்து, ஆசிரியை போதைப்பொருள் விற்கிறார் என்று கேடி அந்த ஏட்டில் எழுதிவிடுகிறாள். பின்னர் ஏட்டின் பக்கங்கள் பிரதியெடுக்கப்பட்டுப் பள்ளியெங்கும் இறைக்கப்படுகின்றன. மாணவிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். குற்றமற்ற ஆசிரியை விசாரணைக்கு ஆளாகிறார்.

மாணவிகளை ஓரிடத்தில் அமர்த்திக் கண்களை மூடச் சொல்கிறார் அதே ஆசிரியை. தோழியே உங்களைப் புறம் பேசியதுண்டா என்று கேட்கிறார், கைகள் உயர்கின்றன. நீங்கள் தோழியைப் புறம் பேசியதுண்டா என்று கேட்கிறார். அதே கைகள் மீண்டும் உயர்கின்றன. காயப்பட்டவளும் காயப்படுத்தியவளும் ஒருத்தியே!

கேலி செய்தல், பட்டப்பெயர் சூட்டல், வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய ஐந்தையும் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 11, 12ஆம் வசனங்களில் அடுத்தடுத்துத் தடுத்திருக்கிறது. கேலியைக் கண்டிக்கும்போது பெண்களைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. "நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்று நம் பிள்ளைகள் வாதிடுவதுண்டு. உண்மையான குறையைச் சொன்னால் அது புறம். இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தெளிவாக வேறுபடுத்தியிருக்கிறார்கள். இரண்டுமே பாவம்தான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய வரலாற்றை நாம் அறிவோம். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் கழுத்து மாலையைத் தேடிப் பின்தங்கிய அன்னையின் மீது நயவஞ்சகன் அப்துல்லாஹ் பின் உபை பழி சுமத்தினான். ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா கொந்தளித்தது. அப்போது நாயகத்தின் மற்றொரு துணைவியாரான ஸைனப் (ரலி) அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆயிஷாவுக்கு இணையாகப் போட்டியிட்டவர் அவரே. அவருடைய சொந்தச் சகோதரி ஹம்னாவே வதந்தியைப் பரப்பியவர்களுள் ஒருவர். ஒரு சொல் போதும், போட்டியாளரை வீழ்த்திவிடலாம். ஆனால் நல்லதைத் தவிர வேறெதையும் ஆயிஷாவிடம் தாம் அறியவில்லை என்று அவர் கூறிவிட்டார். இதை நமக்கு அறிவித்தவரே ஆயிஷா (ரலி) அவர்கள்தாம்!

கூட்டத்தோடு சேர்ந்து பேசாதிருக்கும் இந்தத் துணிவையே நம் மகள்களுக்குக் கற்பிக்க வேண்டும். இன்று அந்த இளஞ்சிவப்பு ஏடு ஒவ்வொரு கைப்பேசியிலும் வாட்ஸ்அப் குழுவாகத் திறந்து கிடக்கிறது. பிரதியெடுத்து இறைக்கும் சிரமம்கூட இல்லை. விரல் நுனி போதும்.

படத்தின் இறுதியில் கேடி ஒரு நல்ல காரியம் செய்கிறாள். ஏட்டில் எழுதிய குற்றம் முழுவதையும் தன்மீதே ஏற்றுக்கொண்டு ஆசிரியையைக் காப்பாற்றுகிறாள். நம் பிள்ளை தவறிழைத்தால், யாரிடம் பொய் சொன்னாளோ அவர்களிடமே சென்று திருத்தச் சொல்லுங்கள். அதற்குமுன், தாய்மார்களே, மாலை வேளையில் அண்டைவீட்டாரோடு அமர்ந்து நாம் பேசுவதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மகள் பாடம் கற்கும் முதல் பள்ளி அதுவல்லவா?

நாவின் தீங்கிலிருந்து நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக!