மாநிலத்தின் பெயரால் ஒரு பந்தாட்டம்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதி மாநிலங்களில், இலையுதிர்காலம் பிறந்ததிலிருந்து வசந்தம் எட்டிப் பார்க்கும் வரையில், ஜனங்களின் பேச்சையும் நினைவையும் முழுவதுமாக ஆக்கிரமித்துக்கொள்ளும் பந்தாட்டம் ஒன்று உண்டு. 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' என்று வெளியுலகமும், வாத்சல்யத்தோடு 'ஃபுட்டி' என்று அந்நாட்டாரும் வழங்கும் இந்த ஆட்டம், கிரிக்கெட் மைதானத்தையொத்த நீள்வட்டத் திடலில், பக்கத்துக்கு 18 பேர் இறங்கி, முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் முஷ்டியால் குத்தியும், எதிராளியின் தோள்மீதே ஏறித் தாவி அந்தரத்தில் பிடித்தும் ஆடப்படுவது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தனுப்பினால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. மெல்போர்ன் கால்பந்து கிளப் 1859-இல் எழுதிவைத்த ஒரு சில விதிகளிலிருந்து வளர்ந்து, இன்று 18 கிளப்புகள் கொண்ட ஏ.எஃப்.எல். என்னும் செல்வாக்குமிக்க ஸ்தாபனமாகத் திகழ்கிறது.

இத்தனை பெருமைகள் இருந்தும் இந்த ஆட்டத்துக்குத் தீராத குறை ஒன்று உண்டு. வேறெந்த தேசமும் இதனைத் தன் ஆட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லையாதலால், ஓர் ஆட்டக்காரன் எவ்வளவு உன்னத நிலையை எய்தினாலும், கிரிக்கெட் வீரனைப் போலத் தாய்நாட்டின் சட்டையை அணிந்து சமபலம் பொருந்திய அந்நியரோடு மோதும் பாக்கியம் அவனுக்குக் கிட்டுவதில்லை. அயர்லாந்துக்காரரோடு இரு நாட்டு விதிகளையும் கலந்து அவ்வப்போது ஆடிய பந்தயங்களை ஒரு சமாதானமாகச் சொல்லலாம். வருஷந்தோறும் 'ஆல் ஆஸ்திரேலியன்' என்று தேர்ந்தெடுக்கப்படும் கௌரவ அணியையும் சொல்லலாம். ஆனால் அந்த அணி காகிதத்தில் மட்டுமே ஆடுகிறது. தேசம் தர இயலாத இந்தக் கௌரவத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்துவந்தது மாநிலம். அந்த மாநில ஆட்டங்கள் 1999-க்குப் பிறகு ஏறக்குறைய வழக்கொழிந்து போயின. அவற்றை மீண்டும் உயிர்ப்பிக்கலாமா, கூடாதா என்பதே அங்கே ஓயாமல் நடைபெற்றுவரும் விவாதம்.

ஆஸ்திரேலியா ஒரே தேசமாக இணைவதற்கு 22 வருஷங்களுக்கு முன்பே, அதாவது 1879 ஜூலை முதல் தேதியன்று, விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்த காலத்தில், கிழக்கு மெல்போர்ன் மைதானத்தில் இவ்விரண்டும் முதன்முதலாக மோதின. விக்டோரியா ஏழு கோல் போட்டது. விருந்தாளிகள் ஒன்றும் போடவில்லை. அடுத்து வந்த நூறு வருஷங்களின் போக்கை அந்த முதல் ஆட்டமே முன்னறிவித்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. 1908 முதல் 'கார்னிவல்' என்ற பெயரில் எல்லா மாநிலங்களும் ஒரே நகரத்தில் கூடி ஆடும் வழக்கமும் ஏற்பட்டது. எனினும் வெற்றி பெரும்பாலும் கருநீலச் சட்டையில் வெண்ணிற 'வி' எழுத்தைத் தாங்கிய விக்டோரியர் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் விக்டோரிய மண்ணின் வளம் மட்டுமல்ல, மெல்போர்ன் கிளப்புகளின் பணப்பெட்டியும்தான். மேற்கு ஆஸ்திரேலியாவிலோ தென் ஆஸ்திரேலியாவிலோ டாஸ்மேனியாவிலோ ஒரு பையன் சற்றே பிரகாசித்தால் போதும், மெல்போர்னிலிருந்து அழைப்பு வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துச் செல்லப்பிள்ளையான 'பாலி' ஃபார்மர் 1962-இல் விக்டோரியாவின் ஜீலாங் கிளப்புக்குப் போனார். போன பிற்பாடு, அந்தக் காலத்து விதிப்படி, விக்டோரியாவின் பிரதிநிதியாகவே மாநில ஆட்டங்களில் இறங்கினார். தான் பெற்று வளர்த்த பிள்ளையைத் தனக்கு எதிராகவே களத்தில் கண்டு தோற்றுத் திரும்பும் அவமானத்தை மற்ற மாநிலங்கள் வருஷக்கணக்கில் சகித்துக்கொண்டிருந்தன. தென் ஆஸ்திரேலியாவின் பாரி ராப்ரனைப் போல, எந்த விக்டோரியக் கிளப்புக்கும் போகாமல் சொந்த ஊரிலேயே ஆடித் தீர்த்த மேதைகள் மிகச் சிலரே.

இந்த அநீதிக்குப் பரிகாரமாகத் தோன்றியதுதான் பிறந்த மாநிலத்துக்காக ஆடும் முறை. பெர்த் நகரத்திலுள்ள சுபியாகோ கிளப்பின் விளம்பர நிர்வாகியான லியான் லார்கின் என்பவர், ஓர் ஆட்டக்காரன் இப்போது எந்தக் கிளப்பில் சம்பளம் வாங்குகிறான் என்பதைப் பாராமல், எந்த மண்ணில் ஆடக் கற்றானோ அந்த மண்ணுக்கே அவனை ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்ற யோசனையை முன்வைத்து, அரும்பாடுபட்டு அதனைச் செயலாக்கினார். புகுந்த வீட்டில் எவ்வளவு சீரும் செல்வாக்குமாக இருந்தாலும், பிறந்த வீட்டு விசேஷத்துக்கு ஒரு பெண்ணைத் தடுக்காமல் அனுப்பிவைக்கும் முறையைப் போன்றது இது. 1977 அக்டோபர் 8ஆம் தேதி, சுபியாகோ மைதானத்தில் மேற்கு ஆஸ்திரேலியா 151 புள்ளியும் விக்டோரியா 57 புள்ளியும் எடுத்தன. அதே வருஷம் ஜூன் மாதத்தில் 63 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்த மேற்கு ஆஸ்திரேலியர், தங்கள் பிள்ளைகள் வீடு திரும்பியதும் 94 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்றால், அதுவரை நடந்ததெல்லாம் எத்தகைய போட்டி என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் இன்று மாபெரும் உற்சவமாக நடைபெறும் ரக்பி லீக் மாநில ஆட்டங்கள் இதே கொள்கையைப் பின்பற்றி 1980-இல்தான் பிறந்தன. மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் கைவிட்டுவிட, பின்பற்றியவர்கள் கோடி கோடியாகப் பலன் அனுபவிப்பது ஒரு விசித்திரம்தான்.

அதற்குப் பின்னான பத்துப் பன்னிரண்டு வருஷங்களே மாநில ஆட்டத்தின் பொற்காலம். தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 'கிக் எ விக்' என்ற கோஷம், அதாவது விக்டோரியனை உதை என்ற உபதேசம், பனியன்களிலெல்லாம் அச்சாகித் தெருவெங்கும் நடமாடியது. 1989 ஜூலையில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் தென் ஆஸ்திரேலியாவை விக்டோரியா எதிர்கொண்டபோது, கோல் குவிப்பதில் பேர்பெற்ற டோனி லாக்கெட்டும் ஜேசன் டன்ஸ்டலும் ஒரே அணியின் முன்வரிசையில் சேர்ந்து ஆடும் அதிசயத்தைக் காண 91,960 பேர் திரண்டார்கள். அடுத்த வருஷமே ஹோபார்ட்டில், ஜனத்தொகையில் விக்டோரியாவுக்கு அருகில் நிற்கவும் இயலாத டாஸ்மேனியா, அதே விக்டோரியாவை 33 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. 1995-இல், புற்றுநோயால் உடல் தளர்ந்து பார்வையும் மங்கிப்போன டெட் விட்டன், விக்டோரிய அணியின் ஆன்மா என்று போற்றப்பட்டவர், தம் மகனுடன் காரில் அமர்ந்து மெல்போர்ன் மைதானத்தை வலம்வர, கூட்டம் முழுவதும் எழுந்து நின்று அவருக்கு விடைகொடுத்த காட்சியை அந்நாட்டார் இன்றளவும் பேசுகிறார்கள். இரண்டு மாதத்தில் அவர் காலமானார்.

இவ்வளவு உத்வேகம் இருந்த ஒரு சம்பிரதாயம் எப்படி நாலைந்து வருஷங்களில் வாடிப்போயிற்று? கிளப்புகளின் சுயநலமே காரணம் என்று சொல்வது அங்கே வழக்கம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதியை மாநில ஆட்டத்தின் அபிமானிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1987-இல் பெர்த் நகரத்திலிருந்து வெஸ்ட் கோஸ்ட் என்ற கிளப்பும், 1991-இல் அடிலெய்டு கிளப்பும் இன்று ஏ.எஃப்.எல். என்று வழங்கும் விக்டோரியரின் லீக்கிலேயே நுழைந்தன. வெஸ்ட் கோஸ்ட் 1992-லும் 1994-லும் கோப்பையைக் கைப்பற்றியது. அடிலெய்டு 1997, 1998 என்று அடுத்தடுத்த இரண்டு வருஷங்கள் கைப்பற்றியது. விக்டோரியனை உதைக்க வேண்டும் என்ற தீராத தாகத்தோடு வருஷத்துக்கு ஒருநாள் காத்துக்கிடந்த ஜனங்களுக்கு, வாரந்தோறும் உதைக்கும் வாய்ப்புக் கிடைத்துவிட்ட பிறகு, அந்த ஒருநாளின் மகத்துவம் குறையாமல் இருக்குமா? விக்டோரியருக்கோ, தத்தம் கிளப்பின்மேல் இருந்த பக்தியில் நாலில் ஒரு பங்குகூட மாநிலத்தின்மேல் என்றைக்கும் இருந்ததில்லை. 1999-இல் மெல்போர்ன் மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 26,063 பேர்.

கிளப்புகளின் ஆட்சேபமும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. மேலே சொன்ன ராப்ரன், தென் ஆஸ்திரேலிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான மகாரி பதக்கத்தை மூன்று முறை வென்றவர், 1974-இல் சிட்னியில் விக்டோரியாவுக்கு எதிரான மாநில ஆட்டம் ஒன்றில் முழங்காலில் பட்ட அடியிலிருந்து பழைய நிலைக்கு மீளவேயில்லை. இன்றைய கிளப் ஒவ்வொன்றும் ஒரு வீரனுக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கான டாலர் சம்பளம் கொடுக்கிறது. அவன் வேறொரு சட்டையை அணிந்து முழங்காலை முறித்துக்கொண்டு வந்தால், நஷ்டம் கிளப்புக்கு, புகழ் மாநிலத்துக்கு.

ஆகையால் நிர்வாகிகள் இடைப்பட்ட மார்க்கம் ஒன்றைக் கண்டார்கள். விதிகள் எழுதப்படுவதற்கு முந்தைய வருஷமே ஆட்டம் பிறந்ததாகக் கணக்கிட்டு, அதன் 150ஆம் வருஷத்தைக் கொண்டாட 2008-இல் விக்டோரியாவுக்கும், மற்ற மாநிலங்களிலிருந்து பொறுக்கியெடுத்த 'ட்ரீம் டீம்' என்ற அணிக்கும் ஓர் ஆட்டம் நடந்தது; 69,294 பேர் வந்தார்கள். காட்டுத்தீயினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட 2020 பிப்ரவரியில் விக்டோரியாவும் 'ஆல் ஸ்டார்ஸ்' அணியும் ஆடின; 51,052 பேர் வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு மயங்கி, ரசிகர்களின் பசி தணியவில்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். எனக்கோ அந்த எதிரணிகளின் பெயரே இடிக்கிறது. ட்ரீம் டீமுக்குச் சொந்த ஊர் ஏது? அது தோற்றால் எந்தத் தெருவில் யார் தலைகுனிவார்கள்? 2017-இல் பெண்கள் ஆட்டத்தில் விக்டோரியாவும், மற்றவர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிய 'அலைஸ்' அணியும் மோதி, விக்டோரியா 97 புள்ளி வித்தியாசத்தில் வென்றபோது, இந்தக் கதம்ப ஏற்பாட்டின் பலவீனம் ஆட்டத்திலும் வெளிப்பட்டது.

ஏ.எஃப்.எல். நிர்வாகம் 2025-இல் கதம்பத்தைக் கைவிட்டு, பெர்த் நகரத்தில் 2026 பிப்ரவரி 14ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் நேருக்கு நேர் ஆடும் என்று அறிவித்தது. எதிரணியை மாநிலமாகவே வைத்ததும், ஆட்டத்தைப் பெர்த்தில் அமைத்ததும் மெச்சத்தக்க முடிவுகள். ஆனால் தேதியைக் கவனியுங்கள். பருவம் தொடங்குவதோ மார்ச் மாதத்தில்; பிப்ரவரி என்பது வீரர்கள் தேகப்பயிற்சி செய்து உடம்பைப் பதப்படுத்திக்கொள்ளும் காலம். கிளப்புகளுக்கு யாதொரு பிரதிகூலமும் நேராத வகையில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தேதி இது. ரக்பி லீக்கில் பருவம் உச்சத்தில் இருக்கும்போது, தலைசிறந்த வீரர்களை அவரவர் கிளப்பிலிருந்து மூன்று ஆட்டங்களுக்குப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆடவிடுகிறார்கள். கிளப்புகள் முணுமுணுத்துக்கொண்டே அனுப்புகின்றன. அந்தத் தியாகம் கண்கூடாகத் தெரிவதனால்தான் வீரன் அதை வாழ்நாளின் பெரும்பேறாகக் கருதுகிறான்.

மீட்பதானால் எப்படி மீட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருஷந்தோறும் வேண்டாம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பருவத்தின் நடுவில், கிளப் ஆட்டங்களையெல்லாம் ஒரு வாரம் நிறுத்திவைத்து, விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா மூன்றும் முறைவைத்து ஆடட்டும். டாஸ்மேனியாவின் சொந்தக் கிளப் 2028-இல் லீக்கில் சேரவிருக்கிறது. அது வேரூன்றியபின் நாலாவதாக அதையும் அழைக்கலாம். ரக்பியே குலதெய்வமாக விளங்கும் நியூ சவுத் வேல்ஸையும் குவீன்ஸ்லாந்தையும் மரியாதைக்காக இழுத்துவர வேண்டிய அவசியமில்லை. அடிபட்ட வீரனின் சம்பளத்தை, அவன் குணமாகும்வரை, டிக்கெட் வருமானத்திலிருந்து நிர்வாகம் அவன் கிளப்புக்கு ஈடுசெய்யட்டும். கிளப்புகள் இதற்கும் இசையாத பட்சத்தில், பிப்ரவரி ஆட்டத்தையே ஒரு வேடிக்கையாகத் தாராளமாக நடத்திக்கொள்ளட்டும்; அதற்குச் சுபியாகோவின் 1977-ஐத் துணைக்கு அழைக்காமல் இருந்தால் சரி.