13 பந்தயம், 13 வெற்றி. ஆனாலும் இடம் இல்லை!

ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காத அணியைப் பார்த்து, "பட்டத்துக்கு மோதும் தகுதி உனக்கு இல்லை" என்று யாராவது சொல்வார்களா?

சொன்னார்கள். அமெரிக்காவில், 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது.

அந்த அணி புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி. செமினோல்ஸ் என்பது அதன் செல்லப் பெயர். ஊர் டலஹாசி; புளோரிடா மாநிலத்தின் தலைநகரம். 1993, 1999, 2013 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பட்டத்தை வென்ற பழம் பெருமை உள்ள அணி இது. நான்காவது பட்டத்தின் வாசல் வரை வந்தது. வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டது.

கையில் பந்து

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர் மைதானங்களில் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. பக்கத்துக்கு 11 பேர். தலையில் கவசம், தோளில் கவசம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம். 4 முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். 100 கெஜ மைதானத்தின் எல்லைக்குப் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி.

இதில் குவார்ட்டர்பேக் என்று ஒரு ஆட்டக்காரர் உண்டு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது பெரும்பாலும் இவர் கைக்குத்தான். யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எப்போது தானே ஓடுவது என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டியவர் இவர். படைக்குத் தளபதி போல. இவர் விழுந்தால் பாதி அணி விழுந்த மாதிரி என்பது அங்கே பொதுவான எண்ணம். இந்தக் கதையே அந்த எண்ணத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கல்லூரிப் பையன்கள் ஆட்டம்தானே என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 2023-ல் டலஹாசி மைதானத்தில் மட்டும் சுமார் 80 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. சனிக்கிழமை பந்தயம் என்றால் ஊரே அங்கேதான் இருக்கும்.

சரிந்து எழுந்த அணி

மைக் நார்வெல் என்ற பயிற்சியாளர் 2020-ல் பொறுப்பு ஏற்றபோது அணி நொடித்துக் கிடந்தது. முதல் ஆண்டு 3 வெற்றி, 6 தோல்வி. அடுத்த ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி. "இவரால் முடியாது" என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2022-ல் 10 வெற்றி, 3 தோல்வி என்று அணி நிமிர்ந்தது.

2023-ல் யாராலும் தடுக்க முடியவில்லை. செப்டம்பர் 3-ந் தேதி முதல் பந்தயத்திலேயே பலம் வாய்ந்த லூசியானா ஸ்டேட் அணியை 45-24 என்று சாய்த்தது. கிளெம்சன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே, கூடுதல் நேர ஆட்டத்தில் 31-24 என்று வென்றது. ஊர் ஊராகப் போய் வெற்றி வாகை சூடியது.

வெற்றிக்கெல்லாம் நடுநாயகமாக நின்றவர் ஜோர்டன் டிராவிஸ் என்ற குவார்ட்டர்பேக். இவர் முதலில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிறகு டலஹாசிக்கு வந்தவர். தோல்வி ஆண்டுகளையும் பார்த்தவர்.

நவம்பர் 18-ந் தேதி. வடக்கு அலபாமா என்ற சிறிய அணியுடன் பந்தயம். பந்தோடு ஓடிய டிராவிஸ் கீழே விழுந்தார். இடது காலில் பலத்த காயம். வண்டியில் ஏற்றி வெளியே கொண்டு போனார்கள். இனி இந்தப் பருவத்தில் அவர் ஆட முடியாது என்பது உறுதியாயிற்று.

அணி அன்று 58-13 என்று வென்றது. ஆனால் மைதானத்தில் பழைய மகிழ்ச்சி இல்லை.

ஒருவர் போனால் இன்னொருவர்

அடுத்த வாரம் பரம வைரியான புளோரிடா பல்கலைக்கழகத்துடன் மோதல். அதுவும் எதிரியின் மைதானத்தில். இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கர் இறங்கினார். 24-15 என்று வெற்றி. ஆனால் அந்தப் பந்தயத்தில் பட்ட அடியினால் அவரும் அடுத்த பந்தயத்தில் ஆட முடியாமல் போயிற்று.

அடுத்த பந்தயம்தான் முக்கியமான பந்தயம். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் இறுதிப் பந்தயம். டிசம்பர் 2-ந் தேதி சனிக்கிழமை இரவு, சார்லட் நகரில். எதிரி, டிராவிஸ் முன்பு படித்த அதே லூயிவில்.

மூன்றாவது குவார்ட்டர்பேக் பிராக் கிளென்னை இறக்கினார்கள். அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்த பையன். 21 முறை பந்தை எறிந்தார். 8 முறைதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் தடுப்பு ஆட்டக்காரர்கள் சுவர் போல நின்றார்கள். லூயிவில் அணியால் ஒரு முறைகூட எல்லைக்குப் பந்தைக் கொண்டு போக முடியவில்லை. 16-6 என்று செமினோல்ஸ் வென்றது.

13 பந்தயம், 13 வெற்றி, கூட்டமைப்பின் கோப்பை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான்கு இடம், ஐந்து பேர்

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் முதல் வரிசையில் ஆடும் கல்லூரி அணிகள் 130-க்கும் மேல். ஒவ்வொன்றும் பருவத்தில் 12 பந்தயம்தான் ஆடும். கூட்டமைப்பில் முதல் நிலைக்கு வந்தால் இன்னும் ஒன்று. எல்லோரும் எல்லோருடனும் மோத வழியே இல்லை. அப்படியானால் நாட்டிலேயே சிறந்த அணி எது என்று எப்படிச் சொல்வது?

2014 முதல் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு. கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள், பழைய பயிற்சியாளர்கள், பழைய ஆட்டக்காரர்கள் அதில் இருப்பார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் அருகே ஒரு ஓட்டலில் கூடிப் பேசி, 4 அணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு அரை இறுதி, ஒரு இறுதி. அந்த நால்வரில் வென்றவருக்குத்தான் பட்டம்.

டிசம்பர் 2-ந் தேதி காலை வரை குழுவின் பட்டியலில் ஜார்ஜியா முதலிடம், மிச்சிகன் இரண்டு, வாஷிங்டன் மூன்று, புளோரிடா ஸ்டேட் நான்கு. டெக்சாஸ் ஏழாவது, அலபாமா எட்டாவது.

அன்று மாலையில்தான் சிக்கல் பிறந்தது. தொடர்ந்து 29 பந்தயங்களில் வென்றிருந்த ஜார்ஜியாவை அலபாமா 27-24 என்று வீழ்த்தியது! அலபாமாவுக்கு அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வியைத் தந்தது டெக்சாஸ். அதுவும் அலபாமாவின் சொந்த மைதானத்தில். டெக்சாஸுக்கும் ஒரே ஒரு தோல்விதான். ஆகவே அலபாமாவை உள்ளே விட்டால், அதைத் தோற்கடித்த டெக்சாஸை வெளியே நிறுத்த முடியாது.

தோல்வியே காணாத மிச்சிகனுக்கும் வாஷிங்டனுக்கும் இடம் நிச்சயம். மீதி இரண்டு இடம். கேட்டு நிற்பவர்கள் மூன்று பேர். பெட்டியில் 4 படுக்கை. கையில் சீட்டோடு நிற்பவர்கள் 5 பேர் என்ற நிலைமை.

தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை பகலில் தொலைக்காட்சியில் பட்டியல் வெளியாயிற்று. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. நான்காம் இடத்தில் இருந்து, வெற்றியும் பெற்ற புளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்துக்குப் போயிற்று.

ஒன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். பெரிய கூட்டமைப்பு ஒன்றின் கோப்பையைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணி, நான்கு அணி முறையில் வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை.

குழுத் தலைவர் பூ காரிகன் காரணம் சொன்னார். டிராவிஸ் இல்லாத அணி, முதல் 11 வாரம் ஆடிய அணி அல்ல என்பதுதான் அதன் சாரம். குழுவின் விதிமுறையிலும் இதற்கு இடம் இருந்தது. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமல் போவது இனிமேல் வரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்று பார்க்கலாம் என்று விதி சொல்கிறது.

அருவருப்பும் கோபமும் அடைந்ததாகப் பயிற்சியாளர் நார்வெல் அறிக்கை விட்டார். பந்தயத்தில் வென்றதற்குப் பலன் இல்லை என்றால் பந்தயம் எதற்கு என்பதே ரசிகர்களின் கேள்வி. மாநில ஆளுநர் ரான் டிசாண்டிஸ், வழக்குச் செலவுக்கென்று 10 லட்சம் டாலர் ஒதுக்கும்படி யோசனை கூறினார்.

எல்லோரையும் விட நெஞ்சைத் தொட்டது டிராவிஸ் எழுதியதுதான். தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, அப்போதாவது இந்த அணி ஒருவனை மட்டும் நம்பியது அல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று அவர் வருந்தினார்.

முன் உதாரணம் உண்டு

குழுவின் முதல் ஆண்டான 2014-ல் இதே போல ஒரு கட்டம் வந்தது. ஒஹாயோ ஸ்டேட் அணியில் முதல் குவார்ட்டர்பேக் பருவம் தொடங்கும் முன்பே காயம் அடைந்தார். இரண்டாமவர் கடைசி லீக் பந்தயத்தில் கால் முறிந்தார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் இறங்கினார். கூட்டமைப்பு இறுதியில் விஸ்கான்சின் அணியை 59-0 என்று துவைத்தார்கள். ஒரு தோல்வி கண்டிருந்த அந்த அணியைக் குழு ஐந்தாம் இடத்தில் இருந்து நான்காம் இடத்துக்கு உயர்த்தி உள்ளே விட்டது.

நடந்தது என்ன? அரை இறுதியில் முதலிடத்து அலபாமாவை 42-35 என்றும், இறுதியில் ஆரிகன் அணியை 42-20 என்றும் வென்று ஒஹாயோ ஸ்டேட் பட்டத்தைத் தட்டிச் சென்றது. மூன்றாவது ஆள் ஆடி வாங்கிய பட்டம்!

59-0 வேறு, 16-6 வேறு என்று குழுவின் பக்கம் பேசுவோர் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டெக்சாஸும் அலபாமாவும் மோதிய எதிரிகள் இன்னும் கடினமானவர்கள் என்ற வாதமும் உண்டு. ஆனால் ஒஹாயோ ஸ்டேட் தன்னை நிரூபித்தது மைதானத்தில். புளோரிடா ஸ்டேட்டுக்கு அந்த மைதானமே கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு

ஆறுதலாக ஆரஞ்ச் பவுல் என்ற பந்தயம் கொடுத்தார்கள். மனம் உடைந்தவர்கள், காயம்பட்டவர்கள், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் ஆடவில்லை. டிசம்பர் 30-ந் தேதி ஜார்ஜியா 63-3 என்று நசுக்கியது. "பார்த்தீர்களா, குழு சொன்னது சரி" என்றார்கள் சிலர். ஆனால் அன்று ஆடியது, 13 பந்தயம் வென்ற அணி அல்ல. மிச்சம் இருந்தவர்கள்.

2024-ல் தொழில்முறைக் கழகங்கள் புதிய ஆட்டக்காரர்களை எடுத்தபோது, அந்த அணியில் இருந்து 10 பேர் எடுக்கப்பட்டார்கள். அணி ஒருவரை மட்டும் நம்பியது அல்ல என்று டிராவிஸ் சொன்னதற்கு இதுவே சாட்சி.

அவர்கள் போன பிறகு அணி எழவில்லை. 2024-ல் 2 வெற்றி, 10 தோல்வி. நியூயார்க் ஜெட்ஸ் கழகம் டிராவிஸையும் எடுத்திருந்தது. ஆனால் கால் குணமாகவில்லை. கழகத்துக்காக ஒரு பந்தயம்கூட ஆடாமலே 2025-ல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

முறையும் மாறிவிட்டது. ஏற்கனவே முடிவு செய்திருந்தபடி 2024 பருவம் முதல் 4 அணிக்குப் பதில் 12 அணி. கூட்டமைப்புகளின் சாம்பியன்களில் முதல் ஐந்து பேருக்கு இடம் உறுதி என்று அப்போது விதி இருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே 2 தோல்வி கண்ட ஒஹாயோ ஸ்டேட் உள்ளே வந்து பட்டத்தையும் வென்றது. பழைய முறை இருந்திருந்தால் அது வாசலிலேயே நின்றிருக்கும்.

இரண்டு முறை தோற்றவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு முறையும் தோற்காதவனுக்குக் கிடைக்கவில்லை. நடுவில் இருந்தது 12 மாதம். செமினோல்ஸ் அந்த நான்கு பேரில் ஒருவராக இருந்திருந்தால் வென்றிருக்குமா? தோற்றும் போயிருக்கலாம். தோற்றிருந்தால், மைதானத்தில் தோற்றோம் என்று தலை நிமிர்ந்து வீடு திரும்பியிருப்பார்கள். அந்த உரிமையைத்தான் 13 பந்தயம் வென்று அவர்கள் சம்பாதித்திருந்தார்கள்.