பிரைவேட் லிஸ்ட்டும் காணாமல் போன கிஃப்ட் கார்டும்

ஒரு கிளாஸுக்குள்ள மத்த ஆப்ஜெக்ட்களோட லிஸ்ட்டை வெச்சுக்கிறது நாம தினமும் பண்ற வேலை. ஆர்டர்னு ஒரு கிளாஸ், அதுக்குள்ள ஐட்டம்களோட லிஸ்ட். எழுத அஞ்சு நிமிஷம். நான் அதுல மாட்டின கதைதான் இன்னைக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஜாவாவில் அந்த ஆர்டர் கிளாஸை எழுதினேன். லிஸ்ட்டை பிரைவேட்னு போட்டு, வெளியே எடுக்க ஒரு கெட்டர் மெத்தட் வெச்சேன். பத்திரமா இருக்குன்னு நம்பினேன்.

டீம்ல இன்னொருத்தர் பேக்கிங் ஸ்லிப் பிரிண்ட் பண்ற கோட் எழுதினார். கிஃப்ட் கார்டு ஈமெயில்ல போறது, பெட்டியில வைக்கிறது இல்ல. அதனால கெட்டர்ல வந்த லிஸ்ட்ல இருந்து அதை ரிமூவ் பண்ணிட்டார். ஸ்லிப்புக்கான லிஸ்ட்னுதான் அவர் நினைச்சார். ஆனா அது ஆர்டரோட ஒரிஜினல் லிஸ்ட்! அடுத்து ஈமெயில் அனுப்புற கோட் வந்து பார்த்தா, கிஃப்ட் கார்டே இல்ல. எர்ரர் வரல, லாக்லயும் ஒண்ணும் இல்ல. பணம் கட்டினவங்க போன் பண்ணித் திட்டினப்போதான் எங்களுக்கே தெரிஞ்சது.

ஏன் இப்படி ஆச்சு? பிரைவேட் காப்பாத்துறது வேரியபிளை மட்டும்தான். ஜாவாவில் லிஸ்ட்டை ரிட்டர்ன் பண்ணா நகல் போகாது, ரெஃபரன்ஸ்தான் போகும். வீட்டைப் பூட்டிட்டு, கேட்டவங்களுக்கெல்லாம் சாவி கொடுத்த மாதிரி.

தீர்வு ஒரே வரி. கெட்டர்ல 'லிஸ்ட்.காப்பிஆஃப்' போட்டு ரிட்டர்ன் பண்ணுங்க. 2018-ல் ஜாவா 10-ல் வந்தது இது. வாங்கினவர் அதை மாத்தப் பார்த்தா உடனே எக்ஸெப்ஷன் விழும். தப்பு அவர் மெஷின்லயே தெரிஞ்சிடும், கஸ்டமர் வரைக்கும் போகாது. கன்ஸ்ட்ரக்டர்ல லிஸ்ட்டை வாங்கும்போதும் இதையே பண்ணுங்க. கொடுத்தவர் கையிலயும் ஒரு சாவி இருக்கே!

ஒரு எச்சரிக்கை. நகல் ஆகிறது லிஸ்ட் மட்டும்தான், உள்ளே இருக்கிற ஐட்டம்கள் அதே ஆப்ஜெக்ட்கள்தான். ஐட்டம்ல விலையை மாத்துற செட்டர் இருந்தா, அந்த வழியா யாரும் உள்ளே வரலாம். அதனால விலையை ஃபைனல்னு வைங்க.

இதைவிட நல்ல வழியும் இருக்கு. 'பெட்டியில போற ஐட்டம்கள் எது?'ன்னு கேட்க ஆர்டர் கிளாஸ்லயே ஒரு மெத்தட் வெச்சிருந்தா, ஸ்லிப் எழுதினவர் லிஸ்ட்டையே தொட்டிருக்க மாட்டார். தப்பு அவர் மேல இல்லைங்க, நான் எழுதின கெட்டர் மேலதான்.

இன்னைக்கு உங்க கோட்ல லிஸ்ட்டை அப்படியே ரிட்டர்ன் பண்ற கெட்டர் எத்தனைன்னு தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!