பாட்டிக்குத் தமிழிலேயே எழுதலாம்



பேராக் மாநிலத்திலே ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் வேலை தேடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்களிலே பலர் வீட்டுக்கு அனுப்பும் செய்தி ஆங்கில எழுத்திலே வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலே நாலெழுத்துப் படித்த பாட்டி அதை என்ன செய்வார்? பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் தொல்லைதான். பள்ளியையும் பல்லியையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால், நாளைக்கு இல்லாதது எது என்று எப்படித் தெரியும்?

"விசைப்பலகையிலே தமிழ் எழுத்தே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. மலாய் மொழியின் ரூமி எழுத்துக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகளே போதும். ஆகவே நம் கடைகளிலே பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகையே கிடைக்கிறது. ஆனால், எந்த விசை எந்த எழுத்தைத் தர வேண்டும் என்று முடிவு செய்வது கணினிக்குள் இருக்கும் நிரல். விசையின் மேல் அச்சடித்திருப்பது வெறும் அடையாளமே. மொழி அமைப்பிலே தமிழைச் சேர்த்துவிட்டால் அதே பலகை தமிழ் பேசும்.

தமிழுக்கு 247 எழுத்துகள் ஆயிற்றே, விசைகள் போதுமா? போதும். உயிர் 12, மெய்க்கு 18, புள்ளி 1, ஆக 31 விசைகள். ஆங்கில எழுத்து விசைகள் 26. பக்கத்துக் குறியீட்டு விசைகள் 5. கணக்குச் சரியாகிவிட்டது அல்லவா? 216 உயிர்மெய்களையும் கணினியே சேர்த்துக்கொள்ளும். ஆய்த எழுத்துக்குப் புள்ளி விசையையே ஷிஃப்டுடன் தட்டலாம்.

இதுதான் தமிழ்99 என்னும் முறை. 1999 பிப்ரவரியிலே சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் பயனாக வந்தது. இடக்கைப் பக்கம் உயிர். வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். பலகையிலே இரண்டு விசைகளில் சிறு மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். இடப்பக்க மேடு புள்ளி. வலப்பக்க மேடு ப. ஈப்போ என்று எழுத ஈ, ப, ப, ஓ என நான்கு தட்டுப் போதும். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். தம்பி என்பதற்கு த, ம, ப, இ.

ஆங்கில ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் முறை இருக்கிறது. அதிலே சிறிய எல் ல. பெரிய எல் ள. பள்ளியும் பல்லியும் அங்கே கலப்பதில்லை. இம்முறை மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளோடு பரவியது.

முன்பெல்லாம் எழுத்துருவுக்கு எழுத்துரு உள்ளே வேறு வேறு குறியீடு இருந்தது. ஈப்போவிலே எழுதிய கடிதம் இன்னொரு கணினியிலே கிறுக்கலாகத் தெரிவதுண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டிலே 1991 முதல் தமிழுக்கும் தனி இடம் உண்டு. அது பரவிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. கைப்பேசிக்கும் இதுவே பொருந்தும்.

கத்தி பிடித்த கை ஒரே நாளிலா பழகியது? தினம் பத்து நிமிடம் தட்டிப் பாருங்கள். முதலிலே உங்கள் பெயர். அடுத்து ஊர்ப் பெயர். பிறகு பாட்டிக்கு ஒரு வரி. அதை அவரே படித்துக்கொள்வார்.